ஒரே மாதிரி இரண்டு பூட்டு வாங்குங்கள்

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 24 வயது. லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீடு செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சந்தில். சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பதைப் பொழுதுபோக்காகப் பழகிவருகிறேன். கம்பிகளும், உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி மாதிரிப் பூட்டும் சேர்ந்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். அந்தப் பூட்டு அன்று சாயங்காலமே திறந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் வாங்கிய சின்னப் பித்தளைப் பூட்டும் திறந்தது. ஆனால் சின்னக்கடை வீதியில் வாங்கிய, ‘6 லீவர்’ என்று அடித்திருக்கும் பூட்டு இரண்டு மாதமாக அசையவே இல்லை. என் கை சரியில்லையா, இல்லை இன்னும் நல்ல கம்பி வாங்க வேண்டுமா? அம்மா வேறு, ‘இது திருட்டுப் பழக்கம், ஒருநாள் போலீஸ் வந்து நிற்கும்’ என்கிறார். அப்புறம், இவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்றால் எங்கள் வீட்டு வாசல் பூட்டை எந்த நம்பிக்கையில் பூட்டுவது?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சேலம்

பதில்:

தம்பி, உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் வாங்கிய கம்பி அந்தப் பூட்டுக்கானதே இல்லை. இன்னும் இரண்டு வருஷம் குடைந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். விலை கூடின செட் வாங்கினாலும் இதே கதைதான், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் செட்டுகள் அநேகமாக எல்லாமே பின் பூட்டுக்காக, அதாவது உள்ளே ‘பின்’ என்ற சின்ன உலோகத் துண்டுகள் தடுத்து நிற்கும் பூட்டுக்காகச் செய்தவை. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. அமெரிக்காவில் வீட்டுக் கதவுகளில் அதுதான் அதிகம். வீடியோவில் நீங்கள் பார்ப்பதும் அதைத்தான். நம் ஊர்க் கடையில் தொங்குகிற கனமான பூட்டுகளில் பெரும்பகுதி வேறு ஜாதி. அவை லீவர் பூட்டுகள். உடம்பிலேயே 5 லீவர், 6 லீவர், 7 லீவர் என்று எழுதியே விற்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் அதை விலைக்குத் தகுந்த நம்பர் என்று நினைத்துக்கொள்வதோடு சரி.

இரண்டையும் பார்த்தே பிரித்துவிடலாம். பின் பூட்டில் சாவி நுழையும் இடம் ஒடுக்கமாக, கோணல்மாணலாக இருக்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும், சாவி போட்டால் அந்த வட்டமே சுற்றும். சாவியின் ஒரு விளிம்பில் பல் பல்லாக ஏற்ற இறக்கம் இருக்கும். லீவர் பூட்டில் வட்டம் எதுவும் சுற்றாது. ஓட்டை அகலம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தகடுகள் மூடி வைத்த புத்தகத்தின் ஏடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியும். அந்தத் தகடுதான் லீவர். உங்கள் 6 லீவர் பூட்டை இன்றைக்கு ராத்திரி அப்படி ஒருமுறை பாருங்கள். கம்பி எதையுமே உள்ளே விடாமல் சும்மா பாருங்கள்.

சரி, இப்போது திறந்த பூட்டுக்கு வருவோம். எனக்கு அதில்தான் அதிகச் சந்தேகம்.

பின் பூட்டில் நடுவே ஓர் உருளை. உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் குறுக்கே வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின், அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனால் இரண்டு பின்னும் சந்திக்கிற இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்துவிடும், உருளை சுற்றும். வேறு சாவி போனால் ஏதாவது ஒரு பின் குறுக்கே நின்று தடுக்கும். இதைச் சாவி இல்லாமல் திறக்க முடிவதற்குக் காரணம், அந்தத் துளைகள் ஒரே கோட்டில் இல்லாததுதான். எந்தப் பட்டறையிலும் எந்த மிஷினிலும் மயிரிழை பிசகாமல் துளை போட முடியாது. அதனால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே சமயத்தில் இறுகுவதில்லை. ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தள்ளினால் விரலில் ‘டிக்’ என்று ஒன்று தெரியும், உருளை துளியூண்டு நகரும். அப்புறம் அடுத்த பின் இறுகும். கடைசிப் பின் வரைக்கும் இதேதான்.

மலிவுப் பூட்டில் இந்தப் பிசகு ரொம்ப அதிகம். சீக்கிரம் திறப்பதற்கு அதுதான் காரணம். பழகுகிறவனைக் கெடுப்பதற்கும் அதுதான் காரணம். கம்பியை விட்டு முன்னும் பின்னும் வருடினாலே அது பாதி நேரம் திறந்துவிடும். உங்களை ஒன்று கேட்கிறேன்: அந்தப் பித்தளைப் பூட்டில் எத்தனை பின்? எது முதலில் இறுகுகிறது, எது கடைசியில்? பதில் தெரியவில்லை என்றால் அதை நீங்கள் திறக்கவில்லை, அதுவாகத் திறந்துகொண்டது. கண்ணாடிப் பூட்டு இன்னும் மோசம். கண் பார்த்துச் சொல்லிவிடுகிறது, விரல் சும்மா கிடக்கிறது. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். விருந்தாளிக்குக் காட்ட நன்றாக இருக்கும்.

நான் சொல்வது இவ்வளவுதான். எந்தப் பூட்டைப் பழக நினைத்தாலும் அதே கம்பெனி, அதே அளவு, அதே வகையில் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், இன்னொன்றில் பழகுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குடைவதில் பொழுது போகும், வேறொன்றும் வராது.

பித்தளைப் பூட்டைப் பிரிப்பது சுலபம். மேல் வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டின் ஒடுங்கிய பக்கவாட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக மூன்றோ நாலோ வட்டச் சுவடுகள் மங்கலாகத் தெரியும். துளை போட்டு, பின்னையும் ஸ்பிரிங்கையும் உள்ளே போட்டு, பித்தளைத் துண்டால் அடைத்து, மேலே பாலிஷ் பிடித்த இடம் அது. சுவடு எத்தனையோ, பின் ஜோடியும் அத்தனை. பூட்டை வைஸில் பிடித்து, அந்த அடைப்பை அரத்தால் ராவுங்கள், இல்லாவிட்டால் சின்ன டிரில் பிட்டால் மெதுவாக எடுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதலில் ஸ்பிரிங் துள்ளும். அது தரையில் விழுந்தால் தேடுவதை மறந்துவிடலாம். அடுத்து வருவது மேல் பின், தட்டையாக இருக்கும். கடைசியாக வருவது சாவி தொடுகிற பின், அதன் ஒரு முனை கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு துளையிலும் கடைசியில் வருவது வெவ்வேறு நீளம். அந்த நீளங்களைச் சாவிப் பல்லோடு வைத்துப் பாருங்கள். பல் பள்ளமாக இருக்கும் இடத்துக்கு நீளப் பின், மேடாக இருக்கும் இடத்துக்குக் குட்டைப் பின். இதை ஒருதரம் கையில் வைத்துப் பார்த்தால் பத்து வீடியோ பார்க்க வேண்டாம்.

பிரித்த பூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு துளையில் மட்டும் பின்களையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டு, வாயைச் சின்ன திருகாணியால் அடையுங்கள். ஒற்றைப் பின் பூட்டு. கண்ணை மூடிக்கொண்டு அதைத் திறந்து திறந்து, அந்த ‘டிக்’ எப்படி இருக்கிறது என்று விரலுக்குப் பழக்குங்கள். அப்புறம் இரண்டாவது பின்னைச் சேருங்கள். இரண்டில் எது முதலில் இறுகுகிறது என்று சொல்லத் தெரிந்தபின் மூன்றாவது. இதற்கு அவசரமே கூடாது.

எல் வடிவத் தகட்டால் திருகிப் பிடிக்கும் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதை அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறார்கள். அமுக்கினால் எல்லாப் பின்னும் சேர்ந்து இறுகிவிடும், ஒன்றையும் பிரித்து உணர முடியாது. தகட்டின்மேல் வைத்த விரலின் நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம். வெளுக்காத அளவில் பிடித்துப் பழகுங்கள். செட்டில் வந்த தகடு சரியில்லை என்றால் கார் வைப்பர் ரப்பருக்குள் நீளவாக்கில் ஒரு ஸ்டீல் பட்டை இருக்குமே, அதை மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கி வளைத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேடு, அவர்கள் காசுகூட வாங்கமாட்டார்கள்.

இனி உங்கள் 6 லீவர். இதையும் இன்னொன்று வாங்கி, ரிவிட் தலைகளை அரத்தால் ராவி, மூடியிருக்கும் தட்டை மேலே தூக்குங்கள். ஆறு தகடுகள் ஒரே ஆணியில் கோத்து, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. பூட்டின் நாக்கில், அதாவது வளையத்தைப் பிடித்துப் பூட்டும் துண்டில், ஒரு கட்டை துருத்திக்கொண்டிருக்கும். சாவி ஆறு தகட்டையும் அதது உயரத்துக்குத் தூக்கும்போது ஆறு வெட்டும் நேர்கோட்டில் வந்து, கட்டை அதற்குள் புகுந்து நாக்கு நகரும். குறைவாகத் தூக்கினாலும் ஆகாது, கூடத் தூக்கினாலும் ஆகாது. இந்தக் ‘கூடத் தூக்கினாலும் ஆகாது’ என்பதுதான் சூட்சுமம். இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தின பூட்டுகளில் எல்லாவற்றையும் முழுக்கத் தூக்கிவிட்டாலே போதும்.

உங்கள் செட் ஏன் பலிக்கவில்லை என்பது தட்டைத் தூக்கியதும் புரிந்துவிடும். இங்கே சுற்றுவதற்கு உருளை கிடையாது, அதனால் எல் தகட்டால் திருகிப் பிடிக்க எதுவுமே இல்லை. அழுத்த வேண்டியது நாக்கை. நாக்கு இருப்பதோ தகடுகளுக்கு அந்தப்பக்கம். ஒரு கம்பி நாக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு கம்பி அதன் பக்கத்திலேயே நுழைந்து இறுகின தகடு எதுவென்று தேடித் தூக்க வேண்டும். சைக்கிள் ஸ்போக்கை நுனியில் மடக்கி, தட்டையாகத் தட்டி, ஓட்டைக்குத் தகுந்தபடி ராவிக்கொண்டால் பழகுவதற்குப் போதும். மற்றபடி முறை ஒன்றுதான்: இறுகினதைத் தேடு, தூக்கு, அடுத்ததற்குப் போ. இதிலும் ஒற்றைத் தகட்டோடு ஆரம்பியுங்கள். ரிவிட் இருந்த துளையில் திருகாணி போட்டு மூடினால் வேண்டும்போது திறந்து தகட்டைச் சேர்க்கலாம். ஆறாவது தகடு வரைக்கும் போக மாசக்கணக்கில் ஆகும். ஆகட்டுமே.

1851இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்கு ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் வந்தார். பிராமா என்ற லண்டன் பூட்டுக் கம்பெனி தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று 1790இலிருந்து சவால் விட்டிருந்தது. அறுபது வருஷமாக யாரும் திறக்கவில்லை. ஹாப்ஸ் அதைத் திறந்தார், 16 நாட்களில் விட்டு விட்டு மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து. அவருக்கே அவ்வளவு என்றால் உங்கள் இரண்டு மாதத்துக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. அதே வருஷம் சப் கம்பெனியின் லீவர் பூட்டையும் அவர் திறந்தார், அது அரை மணிக்கும் குறைவு. அதில் ஏதாவது ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு இறுக்கிக்கொண்டு, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அருமையான யோசனை. அந்த இறுக்கத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு அவர் திறந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

பழைய இரும்புக்கடையில் பூட்டு எடைக்குக் கிடைக்கும், சாவி இருக்காது. பிரித்துப் பார்க்க நல்லது, பழகுவதற்கு எல்லாம் உதவாது. ஏற்காட்டிலிருந்து எஸ்டேட்காரர்கள் கொண்டுவரும் கேட் பூட்டுகளைப் பார்த்தால் தெரியும். வருஷம் முழுக்கப் பனியும் ஈரமும் குடித்து, ஸ்பிரிங் துருவேறி, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கம்பியை விட்டால் எல்லாமே இறுகின மாதிரித்தான் தெரியும். துருவுக்கும் இறுக்கத்துக்கும் வித்தியாசம் பழகின கைக்கே சில சமயம் பிடிபடாது. போதாக்குறைக்குத் தேங்காய் எண்ணெய் வேறு விட்டிருப்பார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். கீழே சேலத்தில் ஓடுகிற பூட்டு மார்கழி ராத்திரியில் ஏற்காட்டில் ஏன் திரும்பவில்லை என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான். பூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் துடைத்துவிட்டு. பின் பூட்டுக்குக் கிராஃபைட் தூள் இன்னும் நல்லது.

இன்னொன்று. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு எங்காவது கிடைத்தால் தயவுசெய்து அறுத்துவிடாதீர்கள். கையால் ராவிச் செய்தது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின பொருள், செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதைச் சாவியோடு வாங்கி, சாவி போட்டுத் திறந்து மூடி, சத்தத்தைக் கேளுங்கள், போதும்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். சொந்தப் பூட்டை வீட்டில் உட்கார்ந்து திறப்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஜெர்மனியில் 1997இலிருந்தே இதற்கென்று சங்கம் வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் விதி இரண்டு: உன்னுடையதல்லாத பூட்டை அனுமதி இல்லாமல் தொடாதே, அன்றாடம் புழங்கும் பூட்டில் பழகாதே. இரண்டாவது ஏன் என்றால், கம்பி ஒடிந்து உள்ளே சிக்கினாலோ ஸ்பிரிங் வளைந்தாலோ ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டிவரும். பிறர் வீட்டு விஷயத்தில் மட்டும், ‘நான் உடைக்கவில்லையே, திறக்கத்தானே செய்தேன்’ என்ற பேச்சு எடுபடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவு, அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் வீடு உடைப்பதில்தான் சேர்க்கிறது. கம்பிகளைச் சட்டைப்பையிலோ வண்டி டிக்கியிலோ வைத்துக்கொண்டு திரியாதீர்கள். ராத்திரி ரோந்தில் வரும் போலீஸ்காரரிடம் பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டிருப்பது பெரும்பாடு.

சட்டத்தைவிட உங்கள் சந்துதான் எனக்குக் கவலை. வீட்டுக்கு வீடு வெள்ளி புழங்கும் இடம். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வந்து, ‘தம்பி, பீரோ சாவி தொலைஞ்சுடுச்சு, நீதான் பூட்டெல்லாம் திறப்பியாமே’ என்பார். அன்றைக்குத் திறந்து கொடுத்தால் நல்ல பேர். ஆறு மாசம் கழித்து அந்த பீரோவில் ஒரு ஜோடிக் கொலுசு காணவில்லை என்றால் முதலில் ஞாபகம் வருவது உங்கள் முகம்தான். தெரியாது என்று சொல்லிப் பூட்டுக் கடைக்காரரிடம் அனுப்பிவிடுங்கள். பூட்டுத் திறப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நாங்களே சும்மா போய்த் திறப்பதில்லை. ஆதார் அட்டையில் அதே விலாசம் இருக்கிறதா என்று பார்ப்போம், பக்கத்து வீட்டார் ஒருவரைக் கூட நிற்கச் சொல்வோம், திறந்ததும் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்போம். வாடகைக்காரர் பூட்டிவிட்டுப் போன வீட்டை வீட்டுக்காரர் வந்து திறக்கச் சொன்னால் எவ்வளவு கொடுத்தாலும் திறப்பதில்லை. அம்மாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டுங்கள். பழகுகிறதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யாமல், கூடத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் செய்யுங்கள். பிரித்த பூட்டை அவரிடமும் ஒருதரம் கொடுங்கள். வெறுப்பு பாதி அதிலேயே போகும்.

வாசல் பூட்டு. நம் ஊர்த் திருடன் கம்பி விட்டு ‘டிக்’ கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அவனுக்கு அந்தப் பொறுமை இருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பான். கடப்பாரையைக் கொண்டியில் விட்டு நெம்புவதுதான் வழக்கம். ஆயிரம் ரூபாய்ப் பூட்டை அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் கொண்டியில் தொங்கவிட்டிருக்கும் வீடுகள் நிறைய. திருடு போன வீட்டில் போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டினபடியே கொண்டியோடு கீழே கிடக்கும். அதனால் முதலில் கொண்டியைப் பாருங்கள். தகடு கனமாக இருக்கிறதா, மூடினால் திருகாணித் தலைகள் உள்ளே மறைகின்றனவா, மரம் உளுத்திருக்கிறதா. பூட்டுக்கு லீவர் ஆறோ ஏழோ இருந்தால் போதும். வளையம் வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருக்காத வகையாக வாங்குங்கள், கட்டர் நுழைய இடம் இருக்காது. தச்சரைக் கூப்பிட்டு, திருகாணிக்குப் பதில் கதவைத் துளைத்து உள்பக்கம் போகும் போல்ட் போட்டு, வாஷர் வைத்து நட்டை இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கின பிறகு துருத்தி நிற்கும் போல்ட் முனையைச் சுத்தியலால் தட்டி விரித்துவிட வேண்டும். சொன்னால்தான் செய்வார்கள், கூடவே நின்று கேளுங்கள்.